கல்லெறிந்தவன் எந்த வாக்கியத்தில் இருக்கிறான்?

மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையேறியது 1928இலா 1930இலா என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். போடட்டும். நம்ம கேள்வி வேற. அன்றைக்குத் திரைமேல் கல்லெறிந்தவனை எந்த வாக்கியத்தில் எழுதி வைப்பது?

பி.கே. ரோசி புலையர் சமூகத்துப் பெண். ஜே.சி. டேனியல் எடுத்த அந்த ஊமைப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். ஒரு புலையச்சி நாயர் பெண்ணாகத் திரையில் வருவதா என்று கொட்டகையில் கல் பறந்தது. ரோசியின் குடிசை எரிந்தது. நாகர்கோவில் பக்கம் ஓடிவந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். படத்தின் ஒரு பிரதிகூட மிச்சமில்லை.

இன்றைக்கு ஒரு மாணவன் ரோசியைத் தேடினால் முதலில் போய் நிற்கும் இடம் விக்கிப்பீடியா. 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கி 2003இல் தமிழுக்கும் வந்த அந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்பது அப்படியே பதிவாகி நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொதுக் கிணறு மாதிரி. ஆனால் பொதுக் கிணற்றிலும் யார் வாளி முதலில் இறங்கும் என்று நமக்குத் தெரியாதா?

அங்கே மூன்று கட்டளைகள் உண்டு. நடுநிலையாக எழுது. ஆதாரம் காட்டு. சொந்த ஆராய்ச்சியைப் புகுத்தாதே. திரைப்படக் கட்டுரைகளுக்குத் தனி நடைவிதிகளும் உண்டு. கதைச்சுருக்கத்தை 400 முதல் 700 சொற்களுக்குள் முடிக்கச் சொல்கிறது ஆங்கில விக்கிப்பீடியா. கதைக்கு ஆதாரம் தேவையில்லை, படமே ஆதாரம். ஆனால் படத்துக்கு நீங்கள் தரும் பொருளுக்கு, வெளியில் யாரோ அச்சிட்ட ஆதாரம் வேண்டும்.

‘கர்ணன்’ படத்தை (2021) எடுத்துக்கொள்வோம். பேருந்து நிற்காத பொடியன்குளம், ஊருக்குள் புகுந்து அடிக்கிற போலீஸ். பார்த்த நமக்கு 1995 ஆகஸ்ட் 31 கொடியன்குளம் கண்முன் வருகிறது. படத்தில் காட்டிய ‘1997’ என்ற குறிப்பு யார் ஆட்சி என்ற கட்சித் தகராறில் ‘1990களின் பிற்பகுதி’ என்று மாற்றப்பட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் கதைச்சுருக்கத்தில் ‘இது கொடியன்குளம்’ என்று நாமாக எழுத முடியாது. அது சொந்த ஆராய்ச்சி. அச்சில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அச்சு யார் கையில் இருந்தது? அங்கேதான் சிக்கல்.

உடனே நம்மில் சிலர், ‘நடுநிலையே ஆதிக்கத்தின் முகமூடி’ என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான். இப்போது மாற்றிச் சொல்கிறேன். அந்த விதியை அவனிடம் விட்டுவிட்டு வருவதுதான் தோல்வி.

மூன்று வாக்கியங்கள் பாருங்கள். ஒன்று: ‘படம் வெளியானபோது எதிர்ப்பு எழுந்தது.’ இரண்டு: ‘சாதிவெறி பிடித்த மிருகங்கள் நம் ரோசியை வேட்டையாடின.’ மூன்று: ‘புலையர் சமூகத்தைச் சேர்ந்த ரோசி நாயர் பெண்ணாக நடித்ததை எதிர்த்த ஆதிக்க சாதியினர் திரையின்மீது கல்லெறிந்தனர்.’

முதலாவதைப் பலர் நடுநிலை என்று நினைக்கிறார்கள். அது நடுநிலை அல்ல. கல் தானாகப் பறந்ததா? எறிந்தவனை ஒளித்துவைத்த வாக்கியம் அது. இரண்டாவது நம்முடைய கோபம். நியாயமான கோபம். ஆனால் அரைமணி நேரத்தில் ஒருவர் நீக்குவார், நாம் திரும்பப் போடுவோம், ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் போட்டால் நம்மைத்தான் தடைசெய்வார்கள். மூன்றாவது வாக்கியத்தில் வசை இல்லை. எறிந்தவன் இருக்கிறான், ஏன் எறிந்தான் என்பதும் இருக்கிறது. கீழே ஒரு நூலின் பக்க எண்ணைப் போட்டுவிட்டால் அதை அசைப்பது கஷ்டம். யாராவது அசைத்தால் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்கலாம். அங்கே தலை எண்ணி முடிவு செய்வதில்லை, வாதத்தை வைத்துத்தான் முடிவு என்பது விதி. அவர்கள் விதியை வைத்தே அவர்களைக் கேள்வி கேட்போம்.

சாதியைக் குறிப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உயிரோடு இருப்பவரின் சாதியை அவரே சொல்லாமல் எழுதக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழக்கம். ஆதிக்க சாதி நட்சத்திரத்துக்கு அது வசதியான திரை. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு வாடகை வீட்டில் குடியிருக்கிற நம்ம பிள்ளைக்கும் அதுதான் கூரை. ராஜம்மாளாக வாழ்ந்த ரோசியை அன்றைக்கு ஒருவன் ஆதாரத்தோடு ‘வெளிப்படுத்தி’ இருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனவே அந்த விதி இருக்கட்டும் என்பேன். அவர் இறந்துவிட்டார், அவர்மேல் விழுந்த கல் சாதிக் கல். அதனால் அவர் சாதியை எழுதியே ஆக வேண்டும்.

ஆதாரப் பிரச்சினைக்கு வருவோம். வாய்மொழியையும் சான்றாக ஏற்க வேண்டும் என்று 2011இல் அச்சல் பிரபலா ஒரு முயற்சி செய்தார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி மொழிகளில் சனங்களின் பேச்சைப் பதிவுசெய்து மேற்கோளாகக் காட்டினார்கள். ஆனாலும் இன்றுவரை அச்சுக்குத்தான் மரியாதை. அந்தக் கோரிக்கையை நாம் விடக் கூடாது. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது.

நம்மிடம் அச்சு இல்லையா? முப்பது வருடமாகச் சிற்றிதழ் நடத்தியிருக்கிறோமே! கொடியன்குளம் எரிந்த சூட்டில் எழுதிய கட்டுரைகள் எத்தனை பரணில் கரையான் தின்கின்றன? பல இதழ்களில் தேதி இல்லை, பக்க எண் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. ‘நிகழ்வு நமக்குத் தெரியும்தானே’ என்ற மெத்தனம். நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைக்கு யார் சொல்வது? ஒரு படம் வந்தால் உணர்ச்சிவசப்பட்டு நாலு பக்கம் எழுதுகிறோம். எந்தக் காட்சி எந்த நிகழ்வைச் சொல்கிறது, எந்த ஊர், எந்த நாள் என்று ஒரு பத்தி எழுதுகிறோமா? அந்த ஒரு பத்திதான் நாளைக்கு மேற்கோளாக நிற்கும்.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, வேலையைப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் பழைய இதழ்களைத் தேடித் தேதியோடு பட்டியல் போடட்டும். ஒருவர் படங்களைப் பற்றி ஊர் பெயரோடும் நாளோடும் எழுதட்டும். இன்னொருவர் பேச்சுப் பக்கத்தில் பொறுமையாக உட்காரட்டும். கத்துவதைவிடக் கடினமான வேலை இதுதான். அடுத்த வாசகர் வட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராமல், பரணில் கிடக்கும் ஒரு பழைய இதழைத் தூசி தட்டி எடுத்து வாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.