நாவலின் உயிரும் சித்திரக்கதையின் உடலும்

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து யாம் ஒரு சித்திரக்கதையைப் படித்துக்கொண்டிருந்தோம். அவ்வழியே வந்த நண்பரொருவர் நூலைப் புரட்டிப் பார்த்து, “தமிழ் ஆனர்ஸ் மாணவருக்குப் பொம்மைப் புத்தகமா?” என்று நகைத்துச் சென்றார். அந்நகை எம்மைச் சுட்டது. ஏனெனின், சில ஆண்டுகட்கு முன் யாமே பிறரைப் பார்த்து அவ்வாறு நகைத்ததுண்டு. அன்று நாவில் எழாத விடையை இவ்விதழின் வாயிலாக இன்று கூற முற்படுகின்றோம்.

நாவலைச் சித்திரமாக்குதலைப் பழிப்போர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஆல்பர்ட் கேன்டர் என்பார், புகழ்பெற்ற நாவல்களைப் படக்கதையாக்கி வெளியிடும் வரிசையொன்றைத் தொடங்கினார். 1947 முதல் ‘கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ எனப் பெயர் பூண்ட அவ்வரிசையின் முதல் நூல், டூமாவின் ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’. 600 பக்கங்கட்கு மேற்பட்ட பெருநாவல் 64 பக்கங்களில் அடங்கிற்று. இத்தகைய சுருக்கங்களில் வாட்போர் எஞ்சும், சூழ்ச்சி எஞ்சும்; இரு நிகழ்ச்சிகட்கு இடையே பாத்திரங்கள் மௌனமாக வாழும் பொழுது எஞ்சுவதில்லை. முதனூலை நூலகத்தில் தேடிப் படிக்குமாறு அப்பதிப்பாளரே வாசகர்க்கு அறிவுறுத்தினர். தம் குறையைத் தாமே அறிந்திருந்தனர் போலும்!

ஆயின், நாவலிலிருந்து சித்திரத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டுவது யாது? நிகழ்ச்சி மட்டுமே எனின், அதற்குக் கதைச் சுருக்கம் போதும். உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் வெளிப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியனார் அதனை எட்டாக வகுத்தார். நாவலின் மெய்ப்பாடு சித்திரத்திலும் தோன்றுதல் வேண்டும். அதற்கு அழும் முகத்தை வரைந்துவிட்டால் அமையுமோ? அமையாது என்பதே எம் துணிபு. பக்கத்தின் கட்டுக்கோப்பே அவ்வுணர்ச்சியைத் தாங்கி நிற்றல் வேண்டும்.

இதற்குச் சான்று, அன்று எம் கையிலிருந்த நூலே. பால் ஆஸ்டர் 1985இல் வெளியிட்ட ‘கண்ணாடி நகரம்’ என்னும் நாவலை, 1994இல் பால் கராசிக், டேவிட் மட்சுகெல்லி என்னும் இருவர் சித்திரக்கதையாக்கினர். மனைவியையும் மகனையும் இழந்து நியூயார்க்கில் தனித்து வாழும் எழுத்தாளர் குவின். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கின்றது. துப்பறிவாளர் ஒருவரைத் தேடி யாரோ தவறான எண்ணுக்கு அழைக்கின்றனர். முதலில் மறுத்த குவின், பின்னர் அத்துப்பறிவாளர் தாமே என்று ஏற்கின்றார். அன்று தொடங்கித் தம்மைச் சிறிது சிறிதாக இழக்கின்றார். துப்பறியும் கதைபோலத் தோன்றினும், நூலெங்கும் நிறைந்திருப்பது துக்கத்தால் வெறுமையான ஒருவரின் தனிமையே.

தனிமையை எவ்வாறு வரைவது? அவ்விருவரும் பக்கத்தை ஒன்பது சம கட்டங்களாக வகுத்தனர். அக்கட்டங்கள் ஒருகால் சன்னலாகவும், ஒருகால் சிறைக் கம்பியாகவும் தோன்றுகின்றன. ஓரிடத்தில் நகரத்துக் கட்டடங்கள் கட்டந்தோறும் உருமாறி, வழிதெரியாச் சிக்கலாகி, இறுதியில் கண்ணாடியிற் பதிந்த கைரேகையாகின்றன. நகரில் வழி தவறுதலும் தன்னுள் தான் தவறுதலும் ஒன்றே என்பதை அப்படங்கள் உணர்த்தின. குவின் தம்மை முற்றும் இழக்கும் பகுதியில் அக்கட்டங்களே நேர் தவறிச் சாய்ந்து குலைகின்றன. எம் உள்ளத்தைக் கலக்கியது அச்சரிவே. தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. அகவலோசையும் துள்ளலோசையும் சொற்பொருளோடு உடன்நின்று உணர்ச்சி ஊட்டுதலை நாம் கற்கின்றோம் அன்றோ? ஒன்பது கட்டமே இந்நூலின் யாப்பு.

கிறிஸ்தவராகிய எம்மைத் தனியே தொட்ட பகுதியும் ஒன்றுண்டு. பாபேல் கோபுர நாளில் மாந்தர் மொழி தாறுமாறாயிற்று என ஆதியாகமத்திற் படிக்கின்றோம். பழுதுறாத தேவமொழியைக் கண்டறிய விரும்பிய ஸ்டில்மன் என்னும் அறிஞர், தம் மகனை ஒன்பது ஆண்டுகள் இருளறையில் அடைத்துவைத்ததாகக் கதை செல்கின்றது. வளர்ந்த மகனின் பேச்சை ஆஸ்டர் பல பக்கங்களில், முறிந்த சிறு வாக்கியங்களாக எழுதினார். சித்திரத்திலோ பேச்சுக் குமிழின் வால் அவன் வாய்க்குள் இறங்குகின்றது. தொண்டையின் இருளுக்குள் நாமும் இறங்குகின்றோம். படகோட்டி, குகைச் சுவரோவியம் எனப் பேசும் உருவம் மாறிக்கொண்டே செல்கின்றது. முடிவில் ஆழ்கிணற்றின் அடியில் முறிந்து கிடக்கும் பொம்மையொன்று பேசுகின்றது. நண்பர் பொம்மைப் புத்தகம் என்றாரன்றோ? அப்பொம்மை அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

வண்ணத்தாலும் இது கைகூடும். ஆக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’ நாவல் 1979இல் வெளிவந்தது. 1976ஆம் ஆண்டில் வாழும் கறுப்பினப் பெண்ணாகிய டேனா, அடிமை முறை நிலவிய பழைய மேரிலாந்திற்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகின்றாள். 2017இல் இதனைச் சித்திரமாக்கிய டேமியன் டஃபி, ஜான் ஜென்னிங்ஸ் இருவரும் நிகழ்காலத்தை மங்கிய நிறத்திலும் கடந்த காலத்தை முழு வண்ணத்திலும் தீட்டினர். பழமை மங்கும் என்பது வழக்கு. இங்கோ, கொடுமை நிகழ்ந்த காலமே கண்முன் ஒளிர்கின்றது. நாவலின் அச்சம் முழுதும் அம்மாற்றத்தில் அடங்கிற்று.

இவற்றால் இழப்பே இல்லை என்று யாம் கூறவில்லை. டேனாவின் முகத்தை வாசகர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் வரைந்துகொள்ளும் உரிமை நாவலில் உண்டு. சித்திரம் ஒரு முகத்தைத் தந்து பல முகங்களை எடுத்துக்கொள்கின்றது. நாவலைப் படித்தல் என்றும் வேண்டற்பாலதே. ஆயினும், பாடச்சுமை மிக்க இந்நாளில் மாணவர் பலர் நாவலைச் சித்திரத்தின் வாயிலாகவே முதலிற் சந்திக்கின்றனர். முதற் சந்திப்பில் அதன் உயிரைக் காணாதார் மீண்டும் அதன் வாயிலை நாடார். ஆதலின் நல்லதையும் அல்லதையும் பகுத்தறிதல் இலக்கியம் பயிலும் நம் கடனாகும். ‘எதனை விட்டனர்?’ என்று மட்டும் கேளாது, ‘எவ்வுணர்ச்சியில் நம்மை விட்டுச்சென்றனர்?’ என்றும் கேட்போமாக. நாவலும் அதன் சித்திரமும் நம் நூலகத்தில் ஒரே பலகையில் அருகருகே இருத்தல் நன்று.

நகைத்த நண்பர்க்கு அந்நூலைக் கொடுத்துள்ளோம். வாரங்கள் மூன்றாயின, இன்னும் திருப்பித் தந்தாரல்லர்.