பிள்ளையை எடுத்தீர்கள், உறவை ஏன் அறுத்தீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊர்களில் யாரும் வாய் திறக்காத ஓர் அநியாயம் நடக்கிறது. உம்மா மௌத்தாகிறார். வாப்பா வேறு நிக்காஹ் செய்கிறார். பிள்ளைப் பாக்கியம் இல்லாத ஒரு குடும்பம் குழந்தையைப் பொறுப்பெடுக்கிறது. பெரிய நன்மை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொஞ்ச நாளில் அந்த வீட்டுக் கேற் பூட்டப்படுகிறது. வெளியே நிற்பது யார்? பெற்ற மகளைக் கபுறில் வைத்துவிட்டு, அவள் விட்டுப்போன பிள்ளையின் முகத்தைப் பார்க்க வந்த மூத்தம்மா.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது கேள்விப்பட்ட கதையல்ல. இடைவேளை நேரம் பாடசாலைக் கேற்றடியில் பணிஸ் பேக்கோடு வந்து நிற்பவர்களைக் காண்கிறோம். "அவ வந்தா பிள்ளையக் காட்ட வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களையும் காண்கிறோம். பொறுப்பாளர் மறுத்தால் பிள்ளையை வெளியே அனுப்ப எங்களால் முடியாது. அதனால்தான் சொல்கிறோம், இது பாடசாலைக் கேற்றுக்கு வருமுன் ஊருக்குள் தீர வேண்டிய விசயம்.

கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்து, அந்த வீட்டிலேயே அல்லது பக்கத்து வளவிலேயே பெற்றோர் வாழ்வது நம் வழக்கம். உம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, தீத்தி, ஓதப் பள்ளிக்கு அனுப்புவது மூத்தம்மாதான். அப்படி வளர்ந்த பிள்ளையிடமிருந்து உம்மா போன கையோடு மூத்தம்மாவையும் பிரித்தால், அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது மௌத்து அது.

மார்க்கம் என்ன சொல்கிறது? வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தகப்பனின் பெயர் கொண்டே அழைக்கும்படி சூறா அஹ்ஸாபின் 5ஆவது வசனம் கட்டளையிடுகிறது. ஸைத் பின் முஹம்மத் என்று அழைக்கப்பட்டவர் அதன் பிறகு மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா (ரழி) ஆனார். அதற்கு முன்பே, ஸைத்தைத் தேடி அவருடைய வாப்பா மக்காவுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் கதவைச் சாத்தவில்லை. முடிவை ஸைத்திடமே விட்டார்கள். ஸைத் நபியவர்களுடன் இருக்க விரும்பினார், வாப்பாவும் மனநிறைவோடு திரும்பினார். உறவுக்காரரைப் பார்க்கவிட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உம்மா இல்லாத சிறுபிள்ளையைப் பராமரிக்கும் உரிமையில் நமது ஷாஃபிஈ மத்ஹப் அடுத்ததாக உம்மாவைப் பெற்ற மூத்தம்மாவை வைக்கிறது. உம்மா உயிரோடு இல்லாத பேரப்பிள்ளை மௌத்தானால், அவர் சொத்தில் மூத்தம்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு. சொத்தில் பங்கு கொடுத்த மார்க்கம், பெருநாளன்று முகம் பார்க்கும் உரிமையையா மறுக்கும்?

நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் கட்டளை வழங்கினால், பெற்றவர்களின் உரிமைகளும் பொறுப்புகளும் வளர்ப்பவர்கள் கைக்கு மாறுகின்றன. பாட்டன் பாட்டி வந்து பார்ப்பதற்கென்று அதில் தனி உரிமை எதுவும் எழுதப்படவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் பலர் ஒளிந்துகொள்கிறார்கள். ஆனால் இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளையின் அடையாளத்தில் குடும்ப உறவுகளையும் சேர்த்தே பாதுகாக்கச் சொல்கிறது. நமது கஃபாலா முறையையும் அது பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. பிள்ளையைப் பராமரிக்கலாம், நசபை மாற்ற முடியாது என்பதுதானே கஃபாலா?

"பிள்ளை குழம்பிப் போகும்" என்கிறார்கள். மறைத்து வைத்த உண்மையைப் பதினாறு வயதில் கல்யாண வீடொன்றில் யாரோ சொல்லக் கேட்கும் பிள்ளைதான் குழம்பும். தன் இரத்த உறவு யாரென்று தெரியாத பிள்ளை நாளைக்கு யாரை மணமுடிக்கக் கூடாதென்று எப்படி அறியும்? "மனசைக் கெடுப்பார்கள்" என்கிறார்கள். உண்மையிலேயே ஒருவரால் பிள்ளைக்குத் தீங்கு இருந்தால் கட்டுப்பாடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதை நாலு பேர் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். வளர்க்கிறவர் தன் பயத்தை வைத்துத் தனியே தீர்ப்பளிக்கக் கூடாது.

வளர்க்கும் உம்மாமாரே, நீங்கள் இராக் கண்முழித்து வளர்த்த உரிமையை எந்த மூத்தம்மாவும் பறிக்க வரவில்லை. அந்தப் பிள்ளையை நேசிக்க இன்னொரு ஆள் கூடுவதால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

பள்ளி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான். பிள்ளையைக் கையளிக்கும் அன்றே இரு தரப்பையும் இருத்தி எழுதுங்கள்: மாதத்தில் எந்த நாள் பார்ப்பது, இரண்டு பெருநாளிலும் எப்போது கூட்டி வருவது, தூரமென்றால் எப்போது போன் எடுப்பது, பிள்ளைக்கு உண்மையை யார் சொல்வது. பிணக்கு வந்தால் விசாரிக்க இருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். அந்த எழுத்து நீதிமன்றக் கட்டளை ஆகாது. ஆனால் ஊர் பார்க்க ஒப்பமிட்ட எழுத்தை மீறுவது லேசான காரியமல்ல.

இரத்த உறவைத் துண்டிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, வீட்டுக் கேற்றைப் பூட்டுகிறோம். மூத்தம்மாமாருக்குக் காலம் நிறைய இல்லை. இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அந்தக் கேற்றைத் திறந்து விடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் உறவுகளைச் சேர்த்து வாழ்பவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.