கழுதை தெரியும் அளவுக்காவது வெளிச்சம் வேண்டும்

மன்னார் நகரத் தெருக்களில் இரவில் கார் ஓட்டுகிறவர் முதலில் அஞ்சுவது கழுதைகளுக்குத்தான். ஹோர்ன் அடித்தாலும் நகராது. புதுக் கார்க்காரர் சமாளித்துவிடுவார். மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40-ஓ வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம். மாரி மழையில், தரைவழிப் பாலத்தில் வேகத்தைக் குறைத்து, ஹெட்லைட்டையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டால் போதும். டாஷ்போர்டில் சார்ஜ் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கும், முன்வெளிச்சம் மஞ்சளாகிச் சோரும்.

காருக்கு மின் தரும் டைனமோவின் பலவீனம் அது. லூக்காஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் ஓடினாலும் 22 அம்பியர்தான் தரும். எஞ்சின் மெதுவாக உறுமி நிற்கும்போது அனேகமாக ஒன்றும் தராது. 60 வாட் பல்ப் இரண்டுக்கே 10 அம்பியர் போய்விடுகிறது. கொயில், வைப்பர், பின்விளக்கு எல்லாம் பற்றரியைத்தான் உறிஞ்சும்.

டைனமோவுக்குப் பதிலாக அல்ரனேற்றர் பூட்டினால் தீர்ந்தது. ஆனால் பொனற்றைத் திறந்ததும் பளபளவென்று ஓர் அலுமினியக் குண்டு தெரிந்தால் பழைய கார் பிரியர்களுக்கு முகம் சுருங்கும். அதற்கும் வழி வந்துவிட்டது. டைனமோவின் கறுப்பு உருளை வடிவிலேயே செய்த அல்ரனேற்றர்கள் இங்கிலாந்தில் விற்பனைக்கு உண்டு. 40 அம்பியர் அளவில் தருகின்றன. டைனமோவின் மின்னைக் கட்டுப்படுத்திய பழைய கட்அவுட் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, உள்ளே வயர்களை மட்டும் இணைத்துவிடலாம். பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

இது ஏமாற்று வேலை என்பவர்கள் வடக்கின் கதையை நினைக்க வேண்டும். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இதே கார்கள் துளிப் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி கிடைக்காத வீடுகளில் சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்டார்கள். தெற்கில் டியூரபிள் கார் கம்பனி மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. கைவைத்து மாற்றியதால்தான் இவை இன்றும் ஓடுகின்றன. தொடாமல் வைத்திருந்தால் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

அவசரம் மட்டும் கூடாது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் எர்த். அதைப் பார்க்காமல் பூட்டினால் அல்ரனேற்றரின் டயோட்டுகள் கண்ணிமைப்பதற்குள் கருகிவிடும். 22 அம்பியருக்குப் போட்ட பிரதான வயரில் 40 அம்பியரை ஓடவிட்டால் அது சுடும். தடித்த வயர் வேண்டும். இன்னொன்று, மன்னாரின் உப்புக்காற்று. எர்த் வயர் சட்டத்தோடு சேரும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்: பச்சைக் களிம்பும் துருவும் அப்பியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்கினாலே பாதி மங்கல் போய்விடலாம். பணம் செலவழிக்குமுன் இதைச் செய்து பார்ப்பதுதான் புத்தி.

கழற்றிய டைனமோவைச் செம்புக் கம்பிக்காக யாருக்கும் நிறுத்து விற்றுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள். அடுத்த உரிமையாளர் அதைக் கேட்கக்கூடும்.