ஹாட் பாட்டும் அஜினோமோட்டோ பயமும்

ஹாட் பாட் கடையில உட்கார்ந்ததும் "அஜினோமோட்டோ போடுவீங்களா?"ன்னு கேக்குறீங்க. இல்லைன்னதும் நிம்மதி. அடுத்த நிமிஷம், பச்சைக் கோழியை எடுத்துப் போட்ட அதே சாப்ஸ்டிக்கை வாயில் வைக்கிறீங்க!

அந்தப் பயம் 1968ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதத்தில் ஆரம்பிச்சது. ஆய்வு இல்லைங்க, வெறும் கடிதம். அதே குளூட்டமேட் உங்க வீட்டுத் தக்காளி ரசத்திலும் இருக்கு.

பயப்பட வேண்டியது சால்மோனெல்லா, காம்பைலோபாக்டருக்கு. கோழித்துண்டின் உள்ளே 74 டிகிரி சூடு ஏறணும். நாலு பேரும் ஒரே நேரத்துல கறியைக் கொட்டினா சூப்போட சூடு இறங்கிடும். மறுபடி கொதிக்கட்டும்னு யார் காத்திருக்கா? ரீல்ஸ் எடுத்து முடிச்சு, மேலே வெள்ளையானதும் வாய்க்குள்ள. ரெண்டு மூணு நாள்ல வயித்தால போகுதுன்னு ஓபியில் நிக்கிறப்பவும் கேள்வி அதேதான்: "டாக்டர், அஜினோமோட்டோவா இருக்குமோ?"

பெரும்பாலும் தானா சரியாகிடும். ஆனா காம்பைலோபாக்டர் அபூர்வமா சிலருக்கு கை கால் விழுற ஜிபிஎஸ் வரைக்கும் கொண்டுபோகும். அவங்களில் சிலருக்கு வென்டிலேட்டரே தேவைப்படும்.

கடைக்காரங்களே, "எம்எஸ்ஜி இல்லை"ன்னு போர்டு வைக்கிற காசுல பத்து இடுக்கி வாங்கலாமே? பச்சைக்கறிக்குத் தனி இடுக்கி தரலைன்னா கேட்டு வாங்குங்க மக்களே.

கடைசியில் மிஞ்சின உப்புச் சூப்பைக் குடிக்கிற பிரஷர்காரங்களுக்குத் தனி த்ரெட் வருது.