ஒரு டியூப் போதாது

கம்பத்திலோ சின்னமனூரிலோ கூடலூரிலோ பொழுது சாய்ந்த பிறகு ஒரு மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போன பெண், இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையோடு திரும்பி வருவார். "அண்ணே, பிள்ளைக்கு உடம்பெல்லாம் பொரிப்பொரியா இருக்கு. ராவெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே கெடக்கு. ஏதாச்சும் குடுங்கண்ணே." கடைக்காரர் பிள்ளையின் கையை ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். "பூச்சிக்கடியா இருக்கும்மா, இதத் தடவு" என்று ஒரு சின்ன டியூபை நீட்டுவார். இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கும். இரண்டு வாரத்தில் தடிப்பு முன்னைவிடப் பரவலாகத் திரும்பி வரும். மறுபடியும் அதே கடை, அதே டியூப்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மலைக்கு ஏறும் ஜீப்புகள் விடிவதற்குள் கிளம்பிவிடுகின்றன. அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு காலையில்தான் கிடைக்கும். தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும். கம்பத்திலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். காய்ச்சல் என்றால் கூலியை விட்டுவிட்டு ஓடுவார்கள். சொறிக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்?

அந்த டியூபுக்குள் இருப்பது என்ன என்பதுதான் கவலை. பெரும்பாலும் அது ஒரு கலவை: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. எந்தத் தடிப்பாக இருந்தாலும் சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீராய்டு சில நாள்களில் அமுக்கிவிடும். காரணம் தோலுக்குள் அப்படியே இருக்கும். பல நேரம் இன்னும் பெருகும். பிறகு மருத்துவரிடமே போனாலும் தடிப்பின் உருவம் மாறிப்போயிருப்பதால் அவருக்கும் அடையாளம் தெரியாது. பிள்ளைகளின் தோல் மெல்லியது. தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாரக்கணக்கில் பூசினால் மருந்து ரத்தத்தில் கலந்து வளர்ச்சியைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. விதி சரியானது. ஆனால் ராத்திரி சொறிந்து அழும் பிள்ளைக்கு வேறு வழி காட்டாமல் விதியை மட்டும் இறுக்கினால், அந்தத் தாய் அடுத்த கடைக்குத்தான் போவார்.

சின்னப் பிள்ளையின் உடம்பில் திடீரென்று தடிப்பு வருவதற்குக் காரணங்கள் பல. பெரும்பாலானவை பயப்படத் தேவையில்லாதவை. சித்திரை வெயிலில் வேர்க்குரு. முத்துப்போல் பளபளத்து நடுவில் குழிவிழுந்த பாலுண்ணி ஒரு வைரஸால் வருவது. கிள்ளாமல் விட்டால் பல மாதம் இருந்துவிட்டுத் தானே உதிரும். அதன்மேல் சுண்ணாம்பை வைத்துச் சுடுவது பிள்ளைக்குத் தழும்பைத்தான் மிச்சம் வைக்கும். மாடும் கோழியும் உள்ள வீடுகளில் கொசு, தெள்ளுப்பூச்சி, உண்ணி கடித்து, கடி பட்ட இடம் மட்டுமல்லாமல் பழைய கடிகளும் சேர்ந்து வீங்கும் ஒவ்வாமை உண்டு. ஆறிய பிறகும் கரும்புள்ளி நெடுநாள் நிற்கும்.

ஆனால் வாரக்கணக்கில் போகாமல், ராத்திரியில் கூடுதலாக அரித்து, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி முட்டையிடுகிறது. இத்தாலியில் பொனோமோவும் செஸ்டோனியும் 1687லேயே உருப்பெருக்கியில் இதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். இன்ன உயிரியால் இன்ன நோய் என்று மனிதர்கள் கண்டறிந்த முதல் நோய்களில் இதுவும் ஒன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் உலகில் சுமார் 20 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

பெரியவர்களுக்கு விரலிடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில், தொப்புளைச் சுற்றி வரும். கைப்பிள்ளைகளுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தலையிலும்கூட வரும். அதனால்தான் பலருக்கும் அது சிரங்கு என்றே தோன்றாது. அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் பயறளவுக்குக் கட்டிகளாக நிற்பதும் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு ஆரம்பிக்கவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று இருக்கும் அப்பத்தாவிடமிருந்தும் பேரப்பிள்ளைக்குத் தொற்றலாம். தாயும் தகப்பனும் மலைக்குப் போனபின் அப்பத்தாவோ அம்மாச்சியோதான் பிள்ளையைப் பகல் முழுக்க இடுப்பில் வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஒரே பாயில் நாலு பேர். தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்பவர்கள் என்றால் ஒரே அறையில் ஒரு குடும்பம். இந்த உண்ணிக்கு வேண்டியதெல்லாம் இப்படிப்பட்ட நெருக்கம்தான். குளிக்காதவர்களுக்குத்தான் சிரங்கு வரும் என்று சொல்வது பொய். தினமும் இரண்டு வேளை குளித்தாலும் தோலுக்குள் இருக்கும் உண்ணி போகாது. இந்தப் பொய்யால்தான் தாய்மார்கள் பால்வாடி டீச்சரிடம் மறைக்கிறார்கள்.

மருந்து பழையது, எளியது. பெர்மெத்ரின் 5 சதவீதப் பூச்சு. கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, நகத்தடி உட்பட எல்லா இடத்திலும் ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். கைப்பிள்ளைகளுக்குக் கண்ணையும் வாயையும் விட்டுத் தலை, முகம் வரை பூச வேண்டும். இரண்டு மாதத்துக்கும் குறைந்த சிசுவுக்கு மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை. வீட்டிலுள்ள எல்லாரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், ஒரே ராத்திரியில் பூச வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் மறுவாரம் தாயிடமிருந்தோ அப்பத்தாவிடமிருந்தோ திரும்ப வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரியவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் டியூப் ஒன்று வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கால் டியூப், அரை டியூப். மூன்று பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு இரண்டு முறைக்கும் சேர்த்து ஏழெட்டு டியூப். மருந்துக்கடையில் வாங்குவது ஒன்று. அரசு மருத்துவமனையில் கொடுத்தாலும் ஓ.பி. சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கொடுப்பார்கள். இந்த நோய் தீராமல் சுற்றுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு வீட்டையே ஓர் உடம்பாகப் பார்க்கத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். வெளியாள் வரமாட்டார்கள், வீட்டுக்காரர்களும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றுவிடும். பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் துணி. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீடு முழுக்க நோன்பில் இருக்கும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் தீச்சட்டி எடுப்பதும், இந்தப் பக்கத்து அம்மன் திருவிழாக்களில் ஆயிரங்கண் பானை சுமப்பதும், தோலில் வந்த நோயை ஊரே சேர்ந்து சுமந்த காலத்தின் தொடர்ச்சி. பெரியம்மை இந்தியாவை விட்டு 1975இல் போய்விட்டது. அந்த ஒழுக்கம் போகவில்லை. அம்மைக்கு வீட்டையே அடைத்து நடத்தும் குடும்பம், சிரங்குக்குப் பிள்ளையின் கையை மட்டும் நீட்டுகிறது என்றால், அதற்கு ஏழெட்டு டியூப் கொடுக்க யாருமில்லை என்பதே காரணம்.

ஃபிஜி தீவுகளில் நடந்த ஆய்வு ஒன்றைச் சுகாதாரத் துறை கவனிக்க வேண்டும். 2015இல் வெளியானது. நோயாளிக்கும் அவரோடு நெருங்கியவர்களுக்கும் மட்டும் பூச்சு கொடுத்த இடத்தில் ஓராண்டில் சிரங்கு 36.6 சதவீதத்திலிருந்து 18.8 சதவீதமாகக் குறைந்தது. எல்லாருக்கும் பெர்மெத்ரின் கொடுத்த தீவில் 41.7இலிருந்து 15.8 ஆனது. எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த தீவில் 32.1இலிருந்து 1.9க்கு இறங்கிவிட்டது. அந்த மாத்திரையை 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக் கூடாது, அவர்களுக்குப் பூச்சுதான். ஊரோடு சேர்த்துப் பார்த்தால் இந்த நோய் ஒழியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2022இல் கொல்லத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேர் வைத்துப் பதறினோம். ஜூலை கடைசிவரை ஐந்து வயதுக்கு உட்பட்ட 82 பிள்ளைகளுக்கு வந்தது. வாளையாறு சோதனைச் சாவடியில் நம் சுகாதாரத் துறையினர் நின்று பிள்ளைகளைச் சோதித்தார்கள். கேரளத்திலிருந்து திரும்பிய இரண்டு பிள்ளைகளின் கொப்புளத்தை இங்கிலாந்தில் பரிசோதித்தபோது, அது காலங்காலமாக உள்ள கை, கால், வாய்க் கொப்புள நோய்தான் என்று தெரிந்தது. அந்த எச்சரிக்கையைத் தவறென்று சொல்லமாட்டேன். புதுப்பேர் கொண்ட கொப்புளத்துக்கு எல்லையில் ஆள் நிறுத்த முடிந்த துறைக்கு, பழைய பேர் கொண்ட சிரங்குக்கு வீட்டு வாசலில் ஆள் நிறுத்தவும் முடியும்.

அலட்சியம் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் பலமாக இருக்கிறது. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றினால் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கலாம். காலையில் பிள்ளையின் முகமும் கண்ணிமையும் உப்பி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது, அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்திலாவது வலிக்காத கருப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; அதற்கு உரிய மருந்து உண்டு, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், உதடு வீங்கி மூச்சுத் திணறல், பிறந்த குழந்தையின் மேல் கொப்புளம், இருமலும் கண் சிவப்புமாக முகத்தில் ஆரம்பித்து இறங்கும் தட்டம்மை — இவற்றுக்கும் மருந்துக்கடை வேண்டாம். திராட்சைக்கும் நெல்லுக்கும் அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கும் ஊர் இது. அதையோ மாட்டு உண்ணிக்குப் போடும் மருந்தையோ பிள்ளையின் மேல் எந்தக் காரணத்துக்கும் தடவக் கூடாது. தோல் வழியாகவே விஷம் ஏறும்.

ஏற்பாடுகள் புதிதாகத் தேவையில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் குழு அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். அவர்கள் தேட வேண்டிய முப்பது குறைபாடுகளில் சிரங்கு உள்ளிட்ட தோல் நோய்களும் உண்டு. குழு வரும் நாளில் பிள்ளைக்குச் சிரங்கு என்று கண்டால் அந்த வீட்டுக்கே மருந்து போக வேண்டும். 2021 ஆகஸ்ட்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதே பையில் ஏழெட்டு டியூப் ஏற இடமிருக்கிறது. தமிழக நகரங்களில் 2023இல் திறந்த நல்வாழ்வு மையங்களில் மாலை 4 மணிமுதல் 8 மணிவரை மருத்துவரைப் பார்க்கலாம். ஜீப் இறங்கும் நேரமும் அதுதான். கம்பம் பள்ளத்தாக்கின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அந்த நேரம் வேண்டும்.

டியூபோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்க வேண்டும். முதல் பூச்சு எந்த ராத்திரி, இரண்டாவது எந்த ராத்திரி என்று தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும். அன்றைக்குப் போட்டிருந்த துணியையும் பாய் விரிப்பையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். உண்ணி செத்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் நிற்கும், அக்குள் கட்டிகள் அதற்கு மேலும் சில வாரம் நிற்கும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூச வேண்டாம், கடையில் வேறு டியூப் வாங்க வேண்டாம் என்ற வரியும் அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.