முக்திநாத் யாத்திரையும் கைப்பேசிச் செலவும்

108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் முக்திநாத், நேபாளத்தில் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. இந்தியர் அங்குச் செல்ல விசா வேண்டியதில்லை. ஆதலால் அது அயல்நாடு என்பதே யாத்திரிகர் பலருக்கு மறந்துவிடுகிறது. கைப்பேசிக் கட்டணம் அதனை நினைவூட்டுகிறது. ரோமிங்கில் இருக்கும்போது பேசும் அழைப்புக்கு மட்டுமன்றி, வரும் அழைப்புக்கும் பணம் செலவாகும்.

எல்லையைக் கடக்குமுன் டேட்டா ரோமிங்கை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் கைப்பேசி தானாகவே இணையத்தை நாடிச் செலவைப் பெருக்கும். பல நாள் தங்குவோர், பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சான்றும் புகைப்படமும் கொடுத்துக் காத்மாண்டுவில் உள்ளூர் சிம் கார்டு வாங்கலாம். தங்கும் விடுதியில் வைஃபை கிடைப்பின், வாட்ஸ்அப் வழியே பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. அதனைக் கணக்கிட்டு, பேசும் வேளையை வீட்டாருடன் முன்பே முடிவு செய்துகொள்வது நலம். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காமற் போகலாம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

சிக்கனம் என்பது பேசாதிருத்தல் அன்று. செலவுக்கு அஞ்சிப் பெற்றோர் மௌனம் காத்தால், ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு உறக்கம் வராது. "தரிசனம் ஆயிற்று, நலமாயிருக்கிறோம்" என்ற ஒரு வரியே அவர்களுக்கு அன்றைய பிரசாதம்.