ஒன்றா, வேறா?

கண்ணால் காண்பதும் பொய் என்பர் நம் பெரியோர். கணிப்பொறியில் தமிழ் எழுதும் இக்காலத்தில் அம்மொழி புதுப்பொருள் பெற்றுவிட்டது.

‘கொடி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்ணோடு எண்ணை ஒப்பிடும் பொறிக்கோ இரண்டும் வேறு! இவ்வூர்க் கன்னட எழுத்திலும் இதே இரட்டை வழி உண்டு. இதற்கு யூனிகோடே மருந்தும் வைத்திருக்கிறது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கமே அது.

ஆனால், ஔகாரத்தில் அம்மருந்து பலிக்காத இடம் ஒன்றுண்டு. ‘சௌந்தரம்’ என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டுவோர் உண்டு. அந்த ளகரம் தனி எழுத்து, குறியன்று. ஆகவே யூனிகோடு விதிப்படியும் அவை வேறு வேறே. பட்டியலில் சௌந்தரத்தைத் தேடினால் ‘இல்லை’ என்றே விடை வரும். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த ஒருத்திக்கு அந்த ‘இல்லை’ எவ்வளவு பெரிது! கண்ட இடமெல்லாம் மாற்றிவிடலாமா? மாற்றினால் ‘தெளிவு’ம் ‘வெள்ள’மும் சிதையும். ளகரத்தின் பின் உயிர்க்குறியோ புள்ளியோ உண்டா எனப் பார்த்தே கைவைக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’ துதிக்கை போல் வளைந்த கொம்புடன் இருந்தது. இன்று பழைய வடிவ எழுத்துருவில் காட்டினாலும் அதன் எண் மாறாது. தடித்த எழுத்தும் சிவப்பு நிறமும் அவ்வாறே. உடை மாறியது, ஆள் மாறவில்லை. ஆயினும், எழுதியதைத் திருத்தும் செயலி உடையையும் ஒப்பிட்டாக வேண்டும். இல்லையேல் நாம் தடித்த எழுத்தாக்கிய வரியை ‘மாற்றமில்லை’ என்று சேமிக்காமலே விட்டுவிடும்.

வேதியியல் பயிலும் நான் கேட்கிறேன்: ஒரே எடையுள்ள இரு உப்புகள் ஒரே உப்பாகிவிடுமா? எதில் சமம் என்று சொல்லாமல் ‘சமமா?’ எனக் கேட்பது அறிவியல் ஆகாது. பெயரைத் தேடும்போது சொல்லை ஒப்பிடுக. ஆவணத்தைச் சேமிக்கும்போது உடையையும் ஒப்பிடுக.

மானசகங்கோத்திரியில் நிரல் எழுதும் தோழர்களே! ‘சௌந்தரம்’ என்பதை இருவகையிலும் தட்டி உங்கள் நிரலைச் சோதியுங்கள். தமிழ் அறியாதார் இதைச் செய்வர் என்று காத்திருத்தல் முறையன்று. மொழி அறிந்தவர்க்கே அக்கடமை உரியது.